ஏ.ஏ. கூட்டத்துக்கு ஒரு சபைக்காரன் எழுதும் ரிவ்யூ

கட்டணம் கிடையாது. பதிவு கிடையாது. ஆதார் கேட்க மாட்டார்கள், எந்தச் சபை, எந்தச் சாதி, சொந்த ஊர் எது என்றும் கேட்க மாட்டார்கள். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்று, பதினைந்து இருபது பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்டீல் கேனில் டீ, ஒன்றரை மணி நேரம். முடியும்போது ஒரு துணிப்பை கைமாறி வரும், மனமிருந்தால் பத்தோ இருபதோ போடலாம். வெளியாள் யாராவது பெரிய தொகை கொடுக்க வந்தாலும் வாங்குவதில்லை, குடியை விட வந்தவர்கள் போடுகிற காசில்தான் எல்லாம் நடக்கிறது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற கூட்டம், எல்லாரும் சொல்வது ஏ.ஏ. நெல்லைப் பக்கம் நான் போகிற குழுவை வைத்துத்தான் எழுதுகிறேன், அது எந்தத் தெரு, எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை, என் பெயரையும் போடவில்லை. பொதுவெளியில் பேசும்போது பெயரை மறைப்பது இவர்களுடைய வழக்கம், அதற்குக் காரணம் வெட்கம் மட்டும் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த ரிவ்யூ குடிக்கிற எல்லாருக்குமானது என்றாலும் முக்கியமாக என்னை மாதிரி ஆட்களுக்கு. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்கள், தேவன் தனக்குச் செய்ததைச் சபை முன்னால் சாட்சியாகச் சொன்னவர்கள், "கர்த்தர் என்னை விடுதலையாக்கிவிட்டார், இனி எனக்கு எதற்கு இந்தக் கூட்டமெல்லாம்" என்று நினைக்கிறவர்கள். நானும் அப்படி நினைத்து ஒருமுறை இதை விட்டுப் போனவன். முதல் தடவை எட்டு மாதம் போனேன். இரண்டாவது தடவை வந்து மூன்று வருஷம் தாண்டிவிட்டது. நடுவில் ஆறு வருஷம் போகவேயில்லை, அந்த ஆறு வருஷத்தைச் சொல்லாமல் இந்தக் கூட்டம் நல்லதா இல்லையா என்று சொல்ல முடியாது.

என் தொழில் ஒயரிங் காண்ட்ராக்ட். சனிக்கிழமை சாயங்காலம் கையில் பணம் வரும். பதினான்கு வருஷம் அந்தப் பணத்தில் பாதி எங்கே போனது என்று என் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒரு எழுப்புதல் கூட்டத்தில், மூன்றாம் நாள் ராத்திரி, முன்னால் வந்து முழங்கால் போடச் சொன்னார்கள், போட்டேன், அழுதேன். அன்றைக்கு நடந்தது பொய் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். தேவன் என்னைத் தொட்டார். மறுநாளிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை.

இரண்டாவது நாள் ராத்திரி எனக்கு வலிப்பு வந்தது. என் மனைவிதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே டாக்டர் சொன்னதை இங்கே எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் சபைகளில் இதை யாரும் சொல்வதில்லை. பல வருஷம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்தடுத்த நாட்களில் மனம் குழம்பி, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிந்து, உடம்பு கொதித்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் நிறுத்துகிற முதல் வாரம் மருத்துவர் கையில் இருக்க வேண்டும். பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள், நடுக்கத்துக்கு மருந்து தருவார்கள், நாலைந்து நாளில் உடம்பு சமநிலைக்கு வந்துவிடும். ஜெபித்துவிட்டுத்தானே நிறுத்தினான், அப்புறம் ஏன் ஆஸ்பத்திரி என்று என் உறவில் சிலர் கேட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரரிடம் அப்படி யாரும் கேட்பதில்லை. ஏ.ஏ. மருத்துவமனை இல்லை, அவர்கள் மருந்து தர மாட்டார்கள், நடுக்கத்தோடு நேராக அங்கே போனால் முதலில் டாக்டரைப் பாருங்கள் என்றுதான் சொல்வார்கள். சென்னையில் இருக்கிற டி.டி.கே. மருத்துவமனை மாதிரி இதற்கென்றே உள்ள இடங்கள் உண்டு, அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் உண்டு.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது ஒரு நர்ஸ் கையில் துண்டுச் சீட்டு கொடுத்தார், அதில் கூட்டத்தின் நேரமும் இடமும் இருந்தன. அப்படித்தான் முதல் தடவை போனேன்.

போனேனே தவிர உட்கார்ந்ததெல்லாம் விருந்தாளி மாதிரிதான். அங்கே எழுந்து பேசுகிற ஒவ்வொருவரும் "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார்கள். பதினெட்டு வருஷமாகக் குடிக்காத ஒரு அண்ணாச்சி, ரிட்டயர்டான பஸ் கண்டக்டர், அவரும் அப்படித்தான் தொடங்குவார். எனக்கு அது உறுத்தியது. ஒருவன் கிறிஸ்துவுக்குள் இருந்தால் புதுச்சிருஷ்டி, பழையவைகள் ஒழிந்துபோயின என்று படித்து வளர்ந்தவன் நான். ஒழிந்துபோனதை எதற்கு வாரா வாரம் வாயால் சொல்ல வேண்டும்? அது அவிசுவாசம் இல்லையா? சபையிலும் ஓரிருவர் இதையே கேட்டார்கள், விடுதலை கிடைத்தபிறகு குடிகாரர் கூட்டத்தில் உனக்கென்ன வேலை என்று. அவர்கள்மேல் பழி போட மாட்டேன், நான் கேட்க ஆசைப்பட்டதைத்தான் அவர்கள் சொன்னார்கள். எட்டாம் மாதம் நிறுத்திவிட்டேன்.

அதன்பிறகு நாலு வருஷம் குடிக்கவில்லை. ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னேன். வாலிபர் கூடுகையில் பேசக் கூப்பிடுவார்கள், சபையார் சேர்ந்து சாப்பிடுகிற அசன பண்டிகைக்குப் போனால் என்னைக் காட்டி "இவர்தான்" என்பார்கள். முன்னால் நின்று பேசும்போது எல்லாம் இறந்தகாலத்தில்தான் வரும்: குடித்தேன், அடித்தேன், விழுந்தேன், எழுந்தேன். சொல்லச் சொல்ல அது வேறு யாரோ ஒருவனுடைய கதை மாதிரி ஆகிவிட்டது. என் மனைவிக்குக் கவனம் இருந்தது. "சாட்சி சொல்லப் போறீங்க, சரி. அந்த அண்ணாச்சிக்குப் போன் பண்ணி எத்தனை நாளாச்சு?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

அந்த நாலாவது வருஷம் ஒரு பாருக்கு ஒயரிங் வேலை வந்தது. வேண்டாமென்று சொல்லியிருக்கலாம், வேறு வேலை கையில் இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகாது என்று எடுத்தேன். பதினொரு நாள் அந்த வாசனைக்குள்ளேயே ஏணி போட்டு நின்று வேலை முடித்தேன், உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். அதைச் சாட்சியிலும் சேர்த்துக்கொண்டேன். நான் விழுந்தது கிறிஸ்மஸில் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகு உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோது தெரிந்தது, அந்தப் பதினொரு நாளில்தான் விழுந்திருக்கிறேன். யாரும் எழுதச் சொல்லாத பரீட்சையை நானே போய் எழுதி, பாஸ் என்று நானே மார்க்கும் போட்டுக்கொண்டேன்.

கிறிஸ்மஸுக்கு எங்கள் பக்கம் வீட்டில் ஒயின் போடுவார்கள், தெரிந்தவர்களுக்குத் தெரியும். கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட், பட்டை, கிராம்பு, பீங்கான் பரணியில் போட்டு வாயைத் துணியால் கட்டி, தினமும் மரக்கரண்டியால் கிண்டி 21 நாள். கேக்கோடு சின்னக் கண்ணாடி டம்ளரில் தருவார்கள், பிள்ளைகளுக்குக்கூட ஒரு வாய் கிடைக்கும். என் பெரியம்மா நீட்டினார். "வீட்ல போட்டதுதான்டே, ஒண்ணும் செய்யாது, குடி." அவருக்கு எதுவும் தெரியாது, பாவம், அன்போடு தந்தார். நான் வாங்கிக் குடித்தேன். கை நடுங்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை. ராத்திரி ஆராதனைக்குப் போய்ப் பாட்டுப் பாடினேன். ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு நடந்ததிலேயே மோசமானது அந்த "ஒன்றும் ஆகவில்லை"தான். பன்னிரண்டு நாள் அந்த எண்ணம் உள்ளே உட்கார்ந்திருந்தது. குடித்தும் ஒன்றும் ஆகவில்லையே, அப்படியானால் நான் இப்போது மற்றவர்கள் மாதிரித்தானே, அளவோடு குடிக்கிற ஆளாகிவிட்டேனே. புதுவருஷத்துக்கு அப்புறம் வந்த சனிக்கிழமை, கையில் பணம், மதியம் சாப்பிடவில்லை, ஒரு வாடிக்கையாளரோடு சண்டை. டாஸ்மாக் கடை இருக்கிற தெருவில் வண்டி தானாகத் திரும்பியது என்று சொன்னால் பொய், நான்தான் திருப்பினேன். அடுத்த இரண்டு வருஷம் பழைய பதினான்கு வருஷத்தைவிடக் கேவலமாகப் போனது, ஏனென்றால் இந்தத் தடவை ஒளித்துக் குடித்தேன், குடித்துக்கொண்டே சாட்சியும் சொன்னேன்.

வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எங்கள் சபைக்காரர் எல்லார் வீட்டிலும் இருக்கும். 1 கொரிந்தியர் 10:13 அதில் அடிக்கடி வரும். தேவன் உண்மையுள்ளவர், உங்கள் திராணிக்கு மேலாகச் சோதிக்கப்பட இடங்கொடார், தப்பிக்கொள்ளும் போக்கையும் உண்டாக்குவார். எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடியில் அந்த அட்டைதான் ஒட்டியிருந்தது, அந்த இரண்டு வருஷமும் ஒட்டியிருந்தது. அதற்கு முந்தின வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. "தன்னை நிற்கிறவனென்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கக்கடவன்." அந்த நிருபத்தை எழுதிய பவுல் இரண்டையும் ஒரே மூச்சில்தான் எழுதினார். 12ஐ விட்டுவிட்டு 13ஐ மட்டும் வெட்டி ஒட்டினது நாம்தான்.

அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படித்தால் இன்னும் பயமாக இருக்கும். எகிப்தை விட்டு வனாந்தரத்தில் போன இஸ்ரவேலர் எல்லாரும் மேகத்துக்குக் கீழாயிருந்தார்கள், எல்லாரும் சமுத்திரத்தைக் கடந்தார்கள், எல்லாரும் ஒரே போஜனத்தைச் சாப்பிட்டார்கள், எல்லாரும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, அவர்களில் அதிகமானபேர் வனாந்தரத்தில் அழிந்தார்கள் என்கிறார். யாருக்கு எழுதுகிறார்? விக்கிரகம் ஒன்றுமில்லை என்று எங்களுக்குத் தெரியும், அதனால் விக்கிரகக் கோயில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்த கொரிந்தியருக்கு. பார் ஒயரிங் வேலையை எடுத்த எனக்கு என்று வாசித்தாலும் ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம்.

நோவாவும் அப்படித்தான். ஞாயிறு பள்ளியில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது பேழை, புறா, வானவில்லோடு நிறுத்திவிடுவேன். ஆதியாகமம் 9இல் வானவில்லுக்கு அடுத்து வருவது திராட்சத்தோட்டம். ஊரே கெட்டுப்போனபோது விழாத மனிதன், ஜலப்பிரளயத்தில் விழாத மனிதன், தண்ணீர் வற்றி, ஆபத்தெல்லாம் முடிந்து, தன் சொந்தத் தோட்டத்தில், தன் சொந்தக் கூடாரத்தில் வெறித்துக் கிடந்தார்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன்.

இரண்டாவது தடவை போனது ஈஸ்டருக்கு முந்தின ஒரு லெந்து காலத்தில். ஆறு வருஷம் கழித்துப் போகிறேன், யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று வாசலிலேயே நின்றேன். அந்தக் கண்டக்டர் அண்ணாச்சிதான் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, சாப்பிட்டீங்களா?" அவ்வளவுதான். எங்கே போனீர்கள், என்ன ஆச்சு என்று எதுவும் கேட்கவில்லை. அது வெறும் உபசாரம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில் ஏதாவது ஒன்று இருக்கும்போதுதான் ஆள் சறுக்குவான் என்று இவர்கள் பாடம் மாதிரி வைத்திருக்கிறார்கள். நான் விழுந்த சனிக்கிழமை இந்த நாலில் மூன்று என்னிடம் இருந்தன. கெத்செமனேயில் சீஷர்கள் தூங்கிவிழுந்தபோது இயேசு சொன்னதும் இதுதானே, ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது. நான் அந்த வசனத்தின் முதல் பாதியை மட்டும் நம்பி வாழ்ந்தவன்.

கூட்டம் நடக்கிற விதம் இப்படி. ஒருவர் தலைமை தாங்குவார், அது வாரா வாரம் மாறும். ஒரு சின்ன ஜெபம், குடியை விட ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியவை என்று ஏ.ஏ. வைத்திருக்கிற 12 படிகளில் ஒன்றை வாசிப்பார்கள், அப்புறம் ஒவ்வொருவராகப் பகிர்வு. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, பேசி முடித்தபின் புத்திமதியும் சொல்லக் கூடாது. எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது, முதலில் மிகவும் கஷ்டமாக இருந்ததும் இதுதான். சபையில் நான் ஒரு பலவீனத்தைச் சொன்னால் உடனே நாலு வசனம் வரும், ஒருவர் தலையில் கை வைப்பார், இரண்டு பேர் வெளியே போய்ப் பேசுவார்கள். இங்கே சொல்லிவிட்டு உட்கார்ந்தால் "நன்றி" என்பார்கள், அடுத்த ஆள் பேசுவார். நான் சொன்ன அசிங்கம் அந்த அறையில் அப்படியே கிடக்கும், யாரும் அதற்கு வெள்ளையடிக்க மாட்டார்கள்.

"நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்வது இப்போது எனக்கு உறுத்துவதில்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பாவிகளை இரட்சிக்கக் கிறிஸ்து வந்தார் என்று சொல்லிவிட்டு "அவர்களில் பிரதான பாவி நான்" என்கிறார். பாவியாக இருந்தேன் என்று அவர் எழுதவில்லை. அந்த மனிதரைவிட நான் புதுச்சிருஷ்டியா?

குடிக்க மாட்டேன் என்று ஆயுசுக்கும் சத்தியம் வாங்க மாட்டார்கள். இன்று ஒரு நாள், 24 மணி நேரம், அதுவும் முடியாவிட்டால் அடுத்த ஒரு மணி நேரம். மூன்று வருஷம் குடிக்காதவருக்கும் மூன்று நாள் குடிக்காதவருக்கும் இன்றைக்கு இருப்பது ஒரே 24 மணி நேரம்தான் என்பார்கள். அன்றன்றுள்ள அப்பத்தை அன்றன்று கேட்கச் சொல்லித்தான் நமக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு அன்றன்று கிடைத்த மன்னா என்ற உணவைச் சேர்த்து வைத்தபோது அது மறுநாள் புழுத்து நாறியது.

பெயரை மறைப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. இதில் யாரும் நட்சத்திரம் ஆகிவிடக் கூடாது. போஸ்டரில் பெயர் போட்டு என்னை உட்கார வைத்தால் எனக்கு என்ன ஆகும் என்று எனக்கே தெரியும், நாலு வருஷம் பார்த்துவிட்டேன்.

ஸ்பான்சர் என்று ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், நமக்கு முந்தி வந்தவர், எந்த நேரமும் கூப்பிடலாம். எனக்கு அந்த அண்ணாச்சிதான். அவர் இந்து, நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறவர். கல்யாண வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னால் கேள்வியாகக் கேட்பார். யார் வண்டியில போறீங்க? எத்தனை மணிக்குப் போறீங்க? பின்னால பந்தி நடக்கிற இடத்துல யார் யார் இருப்பாங்க? சொந்த வண்டியில போங்க, வண்டியை ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்துங்க, சாவியைச் சட்டைப் பையில வைங்க, கையில எப்பவும் ஒரு டம்ளர் தண்ணி இருக்கட்டும். போனமா, மொய் எழுதினமா, சாப்பிட்டமா, வந்தமா.

தப்பிக்கொள்ளும் போக்கு என்ற வார்த்தையை நான் நூறு தடவை மேடையில் சொல்லியிருக்கிறேன். அதை ரோட்டைப் பார்த்து நிறுத்திய வண்டியாக எனக்குக் காட்டியவர் வேதாகமத்தைத் திறந்தே பார்க்காத ஒரு மனிதர். வேதாகமத்தில் எஜமான் போத்திபாரின் மனைவி வஸ்திரத்தைப் பிடித்து இழுத்தபோது யோசேப்பு நின்று வாதாடவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினார். ஓடுவதற்கு நான் வெட்கப்பட்டேன், அதுதான் விஷயம். ஓடுகிறவன் பலவீனன் என்று நினைத்திருந்தேன்.

இயேசுவின் பெயரைச் சொல்லாத இடத்துக்கு எப்படிப் போவது என்று பல விசுவாசிகள் தயங்குவது எனக்குத் தெரியும். அவரவர் அறிந்தபடி கடவுள் என்றுதான் அங்கே சொல்வார்கள். முருகனைச் சொல்கிறவர் உண்டு, அல்லாவைச் சொல்கிறவர் உண்டு, ஒன்றும் சொல்லாதவரும் உண்டு. நான் இயேசு என்று சொல்கிறேன், யாரும் தடுத்ததில்லை, யாரிடமும் நான் பிரசங்கம் செய்வதுமில்லை.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபின் எனக்கு அந்தத் தயக்கமும் போனது. பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர், குடியை விட்டு ஐந்து மாதம், 1935 மே மாதம் அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்துக்கு ஒரு வேலையாக வந்தார். வேலை கெட்டுப்போனது. ஹோட்டல் வராந்தாவில் ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். ஐந்து மாதம் ஆகிவிட்டதே என்று அவர் தன்னை நம்பவில்லை. டெலிபோன் பக்கம் போய், அங்கிருந்த சபைகளின் பட்டியலைப் பார்த்து ஒரு குருவானவரைக் கூப்பிட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை மருத்துவர். மறுநாள் பதினைந்து நிமிஷம்தான் உட்காருவேன் என்று வந்த டாக்டர் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார். குடியையும் விட்டார்.

இந்தக் கதையில் எல்லாரும் அதோடு நிறுத்துவார்கள், எனக்கு வேண்டியது அடுத்தது. சில வாரம் கழித்து டாக்டர் பாப் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போனார். அங்கே குடித்து, நினைவு தப்பித்தான் திரும்பி வந்து சேர்ந்தார். பிறகு 1935 ஜூன் 10, அவர் கடைசியாகக் குடித்த நாள். அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. இந்த இயக்கத்தின் அடித்தளத்திலேயே ஒரு சறுக்கல் இருக்கிறது, அதை அவர்கள் மறைக்கவில்லை. அந்த ஆரம்ப நாட்களில் இவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ ஐக்கியத்துக்குள்தான் கூடினார்கள், ஏக்ரனில் மலைப்பிரசங்கத்தையும் யாக்கோபு நிருபத்தையும் 1 கொரிந்தியர் 13ஐயும் உட்கார்ந்து வாசித்தார்கள். உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு 5இல் இருப்பதை நாம் வசனமாக வைத்திருக்கிறோம், ஐந்தாம் படியில் அவர்கள் அதை வேலையாகவே வைத்திருக்கிறார்கள்: தேவனிடம், தன்னிடம், இன்னொரு மனிதரிடம். அந்த இன்னொரு மனிதர்தான் கஷ்டம். தேவனிடம் சொல்வது எனக்கு எப்போதும் சுலபமாக இருந்தது, ஏனென்றால் அவர் திருப்பி என் முகத்தைப் பார்த்ததில்லை.

பலன் உண்டா என்று கேட்கிறவர்களுக்கு: 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை வைத்து ஒரு மதிப்பீடு வெளியிட்டது. ஏ.ஏ.வும், ஏ.ஏ.வுக்கு ஆளை முறையாகக் கொண்டுசேர்க்கிற சிகிச்சையும் தொடர்ந்து குடிக்காமலிருக்க வைப்பதில் மற்ற சிகிச்சைகளைவிடக் கொஞ்சம் மேல் என்று வந்தது. ஒரு வருஷம் கழித்து முற்றிலும் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம், மற்றவற்றில் 35. அதாவது நன்றாக வேலை செய்தாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு வருஷத்துக்குள் சறுக்கியிருக்கிறார்கள். இந்தக் கணக்கு யாருக்கும் சோர்வு தர வேண்டாம், ஆனால் "நான் அந்த மாதிரி ஆள் இல்லை" என்று நினைக்கிறவர் இதை ஒருமுறை பார்க்கட்டும்.

எதிர்பார்த்துப் போய் ஏமாறக் கூடாத விஷயங்களும் உண்டு. முதல் நாலைந்து வாரம் அலுப்பாக இருக்கும், ஒரே ஆள் ஒரே கதையை மறுபடி சொல்வார். எனக்கு அந்தக் கதையில் நான் கவனிக்காத ஒரு வரி ஏழாவது தடவைதான் கேட்டது. பெண்களுக்கு நம் ஊரில் இது இன்னும் கஷ்டம், சாயங்காலம் ஆண்கள் நிறைந்த அறைக்குள் ஒரு பெண் தனியாக வந்து இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும், அதனால் போகுமுன் போனில் விசாரித்துவிட்டுப் போவது நல்லது. குடும்பத்துக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, என் மனைவி போகிறாள், என் குடியை அவளால் நிறுத்தவும் முடியாது, அதற்கு அவள் காரணமும் இல்லை என்பதை அங்கேதான் நம்பத் தொடங்கினாள். அப்புறம், இது சபைக்குப் பதில் இல்லை. எனக்குத் திருவிருந்து வேண்டும், பாட்டு வேண்டும், வசனம் வேண்டும். எங்கள் குருவானவரிடம் போய் நடந்ததெல்லாம் சொன்னேன், ஒளித்துக்கொண்டு சாட்சி சொன்னதையும் சொன்னேன். அவர் ஜெபித்துவிட்டு, "அந்தக் கூட்டத்தை மட்டும் விட்றாதீங்க" என்றார்.

பெரியம்மா இப்போதும் ஒயின் போடுகிறார். போன கிறிஸ்மஸுக்கு அவரிடம் முன்கூட்டியே போய் விஷயத்தைச் சொன்னேன். அழுதார். மறுநாள் எனக்கென்று எலுமிச்சை சர்பத் போட்டு வைத்திருந்தார், எல்லாருக்கும் ஒயின் ஊற்றின அதே கண்ணாடி டம்ளரில் தந்தார். வாசனை பார்த்துவிட்டுத்தான் குடித்தேன், அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பார் ஒயரிங் இப்போது எடுப்பதில்லை. சனிக்கிழமைப் பணத்தைக் கையில் வாங்குவதில்லை, மனைவியின் கணக்குக்குப் போகிறது.

ஞாயிறு சாயங்காலம் ஆறரைக்கு எங்கள் கூட்டம். ஆறு மணிக்கே போய் நாற்காலி போடுவது இந்த மாதம் என் வேலை. உங்கள் ஊரில் எங்கே நடக்கிறது என்று தெரியாவிட்டால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள், ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்திலும் பார்க்கலாம். பேச வேண்டுமென்று கட்டாயம் இல்லை. வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம், பிடிக்காவிட்டால் நடுவில் எழுந்து போகலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், குடியை விட்ட உடம்பு இனிப்புக் கேட்கும் என்று அண்ணாச்சி வேண்டுமென்றே அப்படிப் போடுகிறார்.